காவல் தலைமையிலிருந்து போக்குவரத்துத் துறைக்கு: லியாண்ட்ரோ மெண்டோசா குறித்த கேள்வி பதில்

கேள்வி: பிலிப்பைன்சின் காவல்துறைத் தலைவராக இருந்த மெண்டோசா, தேர்தலில் நின்று வென்றுதான் போக்குவரத்து அமைச்சரானாரா?

பதில்: இல்லை. அதிபர் ஆட்சிமுறை நிலவும் நாடு என்பதால், அங்கே அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டியதில்லை. அதிபர் நியமிக்கிறார், நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடங்கிய நியமன ஆணையம் உறுதி செய்கிறது. அங்கு ‘செயலாளர்’ என்று அழைக்கப்படுபவர் நம் வழக்கில் அமைச்சரே. தேசியக் காவல்துறையில் ஓய்வு வயது 56. 1946-இல் பிறந்த மெண்டோசா 2002-இல் அந்த வயதை எட்டினார். அதே ஆண்டு ஜூலையில் அதிபர் குளோரியா அர்ரோயோ அவரைப் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறைக்குக் கொண்டுவந்தார். இது தனி நிகழ்வுமன்று. அவருக்குப் பின் காவல்துறைத் தலைவரான எப்தானேயும் பிற்பாடு பொதுப்பணித் துறையின் செயலாளரானார்.

கேள்வி: அவர் காவலரா, இராணுவத்தினரா? இருவிதமாகவும் எழுதுகிறார்களே?

பதில்: இரண்டுமே சரி. 1969-இல் பிலிப்பைன்ஸ் இராணுவக் கழகத்தில் பயிற்சி முடித்த அணியைச் சேர்ந்தவர் அவர். இன்றுள்ள தேசியக் காவல்துறை 1991-இல்தான் உருவானது. அதற்கு முன் காவல் பணியின் பெரும்பகுதியைப் பார்த்துவந்த ‘கான்ஸ்டாபுலரி’ ஆயுதப்படைகளின் ஒரு கிளையாகவே இருந்தது. மேலிடத்து ஆணையைக் கேள்வியின்றி நிறைவேற்றும் இராணுவப் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், அவருடைய பிற்காலமும் ஓரளவு விளங்கும்.

கேள்வி: எஸ்த்ராடாவைக் கைது செய்தவர் இவர்தானா?

பதில்: ஆம். 2001 ஜனவரியில் மக்கள் எழுச்சியால் அதிபர் ஜோசப் எஸ்த்ராடா பதவி இழந்தபோது, காவல்துறைத் தலைவராக இருந்த லாக்சனும் விலக, அந்த இடத்துக்கு மெண்டோசா வந்தார். ஏப்ரல் 25 அன்று, கொள்ளை ஊழல் வழக்கில் பிறந்த பிடியாணையோடு காவல்துறை எஸ்த்ராடாவின் வீட்டுக்குச் சென்றபோது அதற்குத் தலைமை தாங்கியவர் அவர். ஒரு வாரம்கூடக் கழியாமல், மே 1 அன்று எஸ்த்ராடாவின் ஆதரவாளர்கள் மலாக்கன்யாங் அதிபர் மாளிகையை நோக்கித் திரண்டபோது, அந்தக் கூட்டத்தை எதிர்கொண்டதும் அவருடைய காவல்துறையே. அர்ரோயோ அவர்மீது வைத்த நம்பிக்கையின் வேர் இந்த மாதங்களில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

கேள்வி: போக்குவரத்துத் துறையில் அவர் காலத்தில் நிலைத்து நின்றது எது?

பதில்: தயக்கமின்றிச் சொல்வேன்: கடல்வழி நெடுஞ்சாலை, அதாவது வாகனங்கள் கப்பலேறித் தீவு தீவாகக் கடக்கும் வழித்தடம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாட்டில், சரக்கைத் துறைமுகத்தில் இறக்கி, கப்பலில் ஏற்றி, மறுகரையில் மீண்டும் இறக்கி வேறு லாரியில் ஏற்றுவதற்கே பெரும் பணம் செலவாயிற்று. ‘ரோ-ரோ’ கப்பலில் லாரி தானே உருண்டு ஏறும், தானே உருண்டு இறங்கும். 2003-இல் பிறந்த அதிபர் ஆணை, இவ்வகைப் போக்குவரத்துக்குச் சரக்கு கையாளும் கட்டணத்தை நீக்கி, வாகனம் கப்பலில் அடைத்துக்கொள்ளும் நீளத்தைக் கொண்டு கட்டணம் கணக்கிடச் செய்தது. பத்தாங்காஸில் ஏறும் காய்கறி லாரி மிண்டோரோ, பனாய், நெக்ரோஸ் தீவுகளைக் கடந்து மிண்டனாவோவின் தபித்தான் வரை போக முடிந்தது. திட்டம் அதிபருடையது, நடத்திக் காட்டிய துறை இவருடையது.

கேள்வி: காவல்துறை அனுபவம் அங்கே பயன்பட்டதா?

பதில்: பாதுகாப்பில் அதற்குத் தேவை இருந்தது. 2004 பிப்ரவரியில் ‘சூப்பர்ஃபெரி 14’ கப்பலில் அபு சயாஃப் என்ற தீவிரவாத அமைப்பு வைத்த குண்டால் 116 பேர் இறந்தனர். அதே ஆண்டில் போக்குவரத்துப் பாதுகாப்புக்கென ஒரு தனி அலுவலகம் அத்துறையின் கீழ் அமைந்தது. ஆனால் குண்டு வைப்பவனைத் தேடுவது வேறு, புயலில் கப்பலைப் புறப்பட விடாமல் நிறுத்துவது வேறு. 2008 ஜூனில் ‘பிரின்சஸ் ஆஃப் தி ஸ்டார்ஸ்’ சிபுயான் தீவருகே கவிழ்ந்து எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பொறுப்பு தனி ஒருவருடையது அன்று. ஆயினும் கப்பல் துறையை மேற்பார்க்கும் அமைப்பு அவருடைய துறையைச் சார்ந்திருந்தது.

கேள்வி: போக்குவரத்துச் செயலாளர் இணைய வலையமைப்பு ஒப்பந்தத்தில் ஏன் கையெழுத்திட்டார்?

பதில்: துறையின் பெயரிலேயே விடை இருக்கிறது: தகவல் தொடர்பும் அதற்குள் அடக்கம். 2016-இல்தான் இரண்டும் தனித்தனித் துறைகளாயின. 2007 ஏப்ரல் 21 அன்று, அர்ரோயோ முன்னிலையில், சீனாவின் போவாவ் நகரில், இசட்.டி.ஈ. என்ற சீனத் தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு 32.9 கோடி டாலர் மதிப்புள்ள தேசிய அகலப்பட்டை ஒப்பந்தத்தில் மெண்டோசா கையொப்பமிட்டார். சில மாதங்களில் கையூட்டுக் குற்றச்சாட்டுகள் வெடித்தன. தேர்தல் ஆணையத் தலைவர் அபலோஸ் தமக்கு 20 கோடி பெசோ தருவதாகச் சொன்னார் என்று பொருளாதாரத் திட்டமிடலுக்குப் பொறுப்பாக இருந்த ரொமுலோ நெரி செனட்டில் சாட்சியம் அளித்தார். அபலோஸ் அதை மறுத்துப் பதவி விலகினார். அக்டோபரில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

கேள்வி: வழக்கு என்னவாயிற்று?

பதில்: 2010-இல் அர்ரோயோவின் ஆட்சி முடியும் வரை சில மாதங்கள் நிர்வாகச் செயலாளராக இருந்த மெண்டோசாமீது, 2011-இல் அர்ரோயோ, அவருடைய கணவர், அபலோஸ் ஆகியோருடன் சேர்த்து ஊழல் வழக்குத் தொடுக்கப்பட்டது. மற்ற மூவர் மீதான வழக்கு 2016-இல் போதிய சான்றில்லை என்று தள்ளுபடியானது. மெண்டோசா அதைக் காண இருக்கவில்லை. 2013 அக்டோபரில், 67-ஆம் வயதில் காலமானார்.