ஆண் ஈமு தீவனத்தைத் தொடவில்லை, என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஈமு ஜோடிக்கு இரண்டரை வயது. முதல் பருவத்தில் பெட்டை 9 முட்டைகள் வைத்தது. எல்லாம் சேரட்டும் என்று குழியிலேயே விட்டிருந்தோம். 3 வாரமாக ஆண் பறவை அங்கேயே படுத்துக்கிடக்கிறது, தீவனத்தைத் தொடவில்லை. பெட்டையும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. ஆணுக்கு நோயா? இந்தப் பெட்டைக்குப் பதில் வேறு பெட்டை வாங்கிவிடலாமா?

பதில்: வேறு பெட்டை வேண்டாம். ஆண் பறவை அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஈமுவில் அடைகாப்பது தகப்பன். சுமார் 8 வாரம் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பை வைத்தே காலம் தள்ளும். நான் முதல் ஜோடி வளர்த்தபோது இதே பயத்தில், தரையோடு கழுத்தை நீட்டிப் படுத்திருந்ததைத் தூக்கி நிறுத்தினேன். அடியில் கரும்பச்சையாய் 7 முட்டைகள். கையில் எடுத்தால் இளஞ்சூடு. அன்றிலிருந்து அடையில் இருக்கும் பறவையை நான் தொந்தரவு செய்வதே இல்லை.

குழியில் முட்டைகள் சேரச் சேர ஆணுக்கு அடை உணர்வு வந்துவிடுகிறது. பிறகு இணை சேராது. 3 வாரம் ஆகிவிட்டதால் இந்த முறை அதன் போக்கில் விடுங்கள். பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். பெட்டையைத் தனி அடைப்பில் விடுங்கள். குஞ்சு பொரித்த தகப்பன் பெட்டையையும் விரட்டும்.

முதல் பருவத்தில் 9 முட்டை குறைவே அல்ல. நன்றாகப் பொருந்திய ஜோடி பின்னாளில் பருவத்துக்கு 20, 30 என்று வைக்கும். அதற்கு முட்டையை உடனுக்குடன் எடுக்க வேண்டும். பகல் குறுகும் குளிர்மாதங்களில்தான் முட்டையிடும். 3 முதல் 5 நாளுக்கு ஒன்று, பெரும்பாலும் அந்திசாயும் நேரத்தில். இருட்டும் முன் ஒரு நடை போய்ப் பாருங்கள். பென்சிலால் தேதியும் எடையும் எழுதிக் குளிர்ந்த இடத்தில் வைத்து, வாரம் ஒருமுறை இன்குபேட்டரில் அடுக்குங்கள். வெப்பம் 36 முதல் 36.5 டிகிரி செல்சியஸ். ஏறக்குறைய 50 நாள். ஓடு கருமையாக இருப்பதால் விளக்கொளியில் உள்ளே எதுவும் தெரியாது. தராசையே நம்புங்கள். முட்டையின் ஈரம் மெல்ல ஆவியாகி எடை குறையும்: 600 கிராம் முட்டை பொரிக்கும் தறுவாயில் 510-க்கும் 530-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறையவே இல்லையென்றால் இன்குபேட்டரில் ஈரப்பதம் அதிகம்.

இன்னொன்று, பருவம் தொடங்கிவிட்டால் இரண்டும் சரியாகச் சாப்பிடாது. ஆகவே புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கூடிய தீவனத்தை, முட்டையிடத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கொடுக்க ஆரம்பியுங்கள்.