பெட்ரோல் மூடியை மாற்றிய பிறகும் செக் இன்ஜின் விளக்கு எரிகிறதே, கேனிஸ்டரை மாற்றிவிடலாமா?

பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் பெட்டியான கேனிஸ்டரில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: ஓஹாயோவில் ஓடும் 2012ஆம் ஆண்டு கார், ஸ்கேனர் காட்டும் குறியீடு பி0456 (பெட்ரோல் ஆவி மிகச் சிறிய அளவில் கசிகிறது என்று பொருள்), புதிய மூடி வாங்கிப் போட்டுக் குறியீட்டை அழித்தீர்கள், பத்து நாளில் விளக்கு திரும்ப வந்துவிட்டது, பட்டறையில் கேனிஸ்டரை மாற்ற 700 டாலர் கேட்கிறார்கள். கடைசி வரியில், பெட்ரோல் நிரப்பிய கையோடு ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் சற்றுத் திணறுகிறது என்றும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கேள்வியிலேயே முக்கியமான செய்தி அந்தத் திணறல்தான் என்று எனக்குப் படுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் மெக்கானிக் அல்லன். கிளீவ்லண்ட் பக்கத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். இதே வகைக் குறியீட்டோடு ஒரு நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை மல்லுக்கட்டி, தேவையில்லாத இரண்டு பாகங்களை வாங்கி, மூன்றாவதாக ஒன்றை வாங்க இருந்த நேரத்தில் தப்பித்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். டேங்கில் உள்ள பெட்ரோல் எந்நேரமும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவி காற்றில் கலந்து வெயிலில் ஓசோன் புகைமூட்டமாக மாறுவதைத் தடுக்க, 1970ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கலிபோர்னியாவிலும், 1971 மாடல்களிலிருந்து அமெரிக்கா முழுவதிலும் ஆவியைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. கரித்துகள் நிரம்பிய கேனிஸ்டர் ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்க, அந்த ஆவி இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடுகிறது. அப்போது கேனிஸ்டருக்குள் வெளிக்காற்று வருவதற்கு வென்ட் வால்வு வழிவிடுகிறது. 1990களின் பிற்பகுதியிலிருந்து இங்கே விற்கப்படும் கார்களில், இந்த ஏற்பாடு ஓட்டையில்லாமல் இருக்கிறதா என்பதைக் காரின் கணினியே அவ்வப்போது சோதித்துக்கொள்கிறது. இரண்டு வால்வுகளையும் மூடி, உள்ளே லேசான வெற்றிடமோ அழுத்தமோ உண்டாக்கி, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை.

ஆகவே கணினிக்குத் தெரிவது ஓட்டையின் அளவு மட்டுமே, இடம் தெரியாது. பெரிய கசிவுக்குப் பி0455, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஓட்டைக்குப் பி0442, அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பி0456 என்று அது பெயர் வைக்கிறது. அரை மில்லிமீட்டர் என்பது மெல்லிய தையல் ஊசி நுழையத் திணறும் துளை. முன்பக்கம் இன்ஜினிலிருந்து பின்சக்கரம் வரை நீளும் குழாய்கள், இணைப்புகள், வளையங்கள் எல்லாவற்றிலும் எங்கேயோ ஓரிடத்தில் அது இருக்கிறது என்பதே உங்கள் குறியீட்டின் முழுப் பொருள். "பி0456 வந்தால் கேனிஸ்டர்" என்று சொல்பவர் குறியீட்டைப் படித்திருக்கிறாரே தவிர காரைப் பார்க்கவில்லை.

விளக்கு மின்னாமல் நிலையாக எரியும்வரை இந்தக் கோளாறோடு தாராளமாக ஓட்டலாம். மின்னினால் அது இன்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக எரியாத கோளாறு, அது வேறு கதை. ஆனால் காருக்குள்ளோ கராஜிலோ பெட்ரோல் வாடை அடித்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இனி என் கதை. என்னுடையது 2008ஆம் ஆண்டு செடான். நவம்பர் மாதம் விளக்கு வந்தது. இருபது டாலர் ஸ்கேனர் பி0456 என்றது. எல்லோரையும் போல மூடியை மாற்றினேன். விளக்கு போகவில்லை. டிசம்பரில் இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுப் பர்ஜ் வால்வை வாங்கிப் பொருத்திக் குறியீட்டை அழித்தேன். விளக்கு அணைந்தது. ஜனவரி முழுவதும் வரவில்லை, பிப்ரவரியிலும் வரவில்லை. நானே சரிசெய்துவிட்டேன் என்று வீட்டில் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன். மார்ச் மூன்றாம் வாரம், முதல் இளவெயில் அடித்த நாட்களில், விளக்கு மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. இம்முறை குறியீடு பி0442.

நடந்தது என்னவென்று பின்னால்தான் புரிந்தது. ஆவிக் கசிவுச் சோதனையைக் கணினி நினைத்தபோதெல்லாம் நடத்துவதில்லை. பெரும்பாலான கார்களில் டேங்க் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கும் 85 சதவீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். கார் பல மணி நேரம் நின்று குளிர்ந்திருக்க வேண்டும். வெளி வெப்பநிலை சுமார் 4 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கிளீவ்லண்டின் ஜனவரியில் அந்த நிபந்தனை நிறைவேறும் காலை அபூர்வம். நான் குறியீட்டை அழித்ததும் கணினி பழைய முடிவுகளை எல்லாம் மறந்துவிட்டது. குளிர் முடியும்வரை புதிதாகச் சோதிக்கவும் இல்லை. ஸ்கேனரில், எந்தெந்தச் சோதனை முடிந்திருக்கிறது என்று காட்டும் 'ஆயத்த நிலை' பக்கத்தைத் திறந்திருந்தால், ஆவிச் சோதனைக்கு நேரே 'முடியவில்லை' என்று அது மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பேன். நான் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் துளையோ வளர்ந்திருந்தது. அதனால்தான் குறியீடும் ஒரு படி ஏறியது.

(ஓஹாயோவின் வாகன மாசுப் பரிசோதனையான ஈ-செக் பற்றிப் பலரும் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2001 மாடல் முதலான கார்களில் ஒரு சோதனை முடியாமல் இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். விளக்கு எரிந்தால் ஏற்கமாட்டார்கள். இதை வைத்து ஒருமுறை தப்பிக்க முடியும்தான். ஆனால் இரண்டாண்டு கழித்து அதே துளையோடும் கூடுதல் துருவோடும் அதே வரிசையில் வந்து நிற்க வேண்டியிருக்கும்.)

மார்ச் மாதம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே புகைச் சோதனை செய்தார்கள். ஆவிக் குழாய்களுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் வெண்புகையைச் செலுத்தி, அது எங்கே கசிந்து வருகிறது என்று விளக்கடித்துப் பார்ப்பது அது. இந்தக் கோளாறுக்கு அதைவிட நேர்மையான சோதனை கிடையாது. காரை உயர்த்தி என்னைக் கீழே அழைத்துக் காட்டினார்கள்: கேனிஸ்டரின் பக்கத்திலிருந்து புகை நன்றாகவே வந்துகொண்டிருந்தது. "கேனிஸ்டர் போய்விட்டது, 640 டாலர்" என்றார்கள். கண்ணால் பார்த்த பிறகு என்ன பேசுவது? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது ஆண்டு மெக்கானிக் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பனி தள்ளிக்கொண்டிருந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மண்வாரியைக் கீழே வைக்காமலேயே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வென்ட் வால்வை மூடிவிட்டுத்தானே புகை விட்டார்கள்?" எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் கேட்டபோது அவர்களுக்கும் தெரியவில்லை.

கேள்வியின் கூர்மை இங்கே இருக்கிறது. பர்ஜ் வால்வு மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும். வென்ட் வால்வு மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்கும். கணினி சோதனை நடத்தும்போது மட்டும் அதை மூடுகிறது. எனவே இன்ஜினை அணைத்துவிட்டு வெறுமனே புகை விட்டால், அது கேனிஸ்டர் வழியாக வந்து வென்ட் வால்வில் வெளியேறத்தான் செய்யும். நல்ல காரிலும் அப்படியே வெளியேறும். ஸ்கேனரால் கட்டளை கொடுத்தோ அந்த வாயை அடைத்தோ வென்ட்டை மூடிய பிறகு வரும் புகைதான் கசிவு. நான் பார்த்தது கோளாறே அல்ல, வாசல்.

வேறொரு சிறிய பட்டறையில், வென்ட்டை மூடச்சொல்லி மறுபடி சோதித்தோம். முதல் இரண்டு நிமிடம் எங்கேயும் ஒன்றும் இல்லை. அங்கிருந்தவர் விளக்கைப் பின்பக்க வலது சக்கரத்தின் மேல்வளைவுக்குள் சாய்த்துப் பிடித்தார். ஃபில்லர் நெக் என்று இங்கே சொல்லும், மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் இரும்புக் குழாயைக் காரின் உடம்போடு பிடித்துவைக்கும் தகட்டின் அடியிலிருந்து, ஊதுபத்திப் புகையைவிட மெல்லிய ஓர் இழை நேராக எழும்பிச் சுருண்டது. ஸ்க்ரூடிரைவரால் அந்தத் தகட்டைச் சுரண்டியபோது உப்பும் சேறும் கலந்த கெட்டியான பொருக்கு உதிர்ந்து, கீழே குழாய் வெல்ல அப்பம் போலச் சொரசொரத்துக் கிடந்தது. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அந்த மூலையில் தங்கி, ஆண்டுக்கணக்கில் அரித்திருக்கிறது. ஓஹாயோ, மிச்சிகன், பென்சில்வேனியா, நியூயார்க் போன்ற உப்பு மாநிலங்களில் ஓடும் பழைய கார் என்றால், மூடிக்கு அடுத்தபடியாக நான் பார்க்கச் சொல்லும் இடம் இதுதான். குழாயின் வாய் விளிம்பில் துரு பிடித்திருந்தால் எவ்வளவு நல்ல மூடியும் ஒட்டி உட்காராது. புதிய மூடி போட்டும் விளக்கு போகாத பலருடைய கதை அதுவே.

குழாய் 75 டாலர். துருப்பிடித்த மூன்று போல்ட்டுகளைக் கழற்ற ஒரு சனிக்கிழமை பிற்பகல் போயிற்று. பெரியவர் உடன் இருந்தார்.

இப்போது உங்கள் காருக்கு வருகிறேன். நிரப்பியவுடன் ஸ்டார்ட் செய்தால் திணறுவது பெரும்பாலும் பர்ஜ் வால்வு முழுதாக மூடாமல் இருப்பதன் அடையாளம். நிரப்பும்போது டேங்கில் இருக்கும் ஆவி முழுவதும் கேனிஸ்டர் பக்கம் தள்ளப்படுகிறது. வால்வு ஒழுகினால் அது அளவில்லாமல் இன்ஜினுக்குள் போய், கலவையில் பெட்ரோல் மிகுந்து திணறுகிறது. அதே ஒழுகல்தான் சோதனையில் கசிவாகவும் தெரியும். என் காரில் அந்த அறிகுறி இல்லாமலே நான் வால்வை மாற்றினேன், அது என் முட்டாள்தனம். உங்களிடம் அறிகுறி இருக்கிறது. இன்ஜின் ஆறிய பிறகு வால்வைக் கழற்றி, மின் இணைப்பு இல்லாத நிலையில், சுத்தமான சிறு குழாயோ கை வெற்றிடப் பம்போ வைத்துக் காற்று போகிறதா என்று பாருங்கள். சிறிதும் போகக் கூடாது. போனால் அதுதான் குற்றவாளி. பல கார்களில் அது இன்ஜினின் மேலேயே இருக்கும், பத்து நிமிட வேலை.

அதோடு ஒரு கேள்வி: பெட்ரோல் நிலையத்துப் பம்பு தானாக நின்ற பிறகும் இன்னும் இரண்டு அழுத்து அழுத்தி நிரப்பும் வழக்கம் உங்களுக்கு உண்டா? அந்த உபரிப் பெட்ரோல் திரவமாகவே கேனிஸ்டருக்குள் போய்க் கரியைப் பாழாக்கும். கேனிஸ்டர் உண்மையிலேயே கெடுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். நிரப்பும்போது பாதியிலேயே பம்பு திரும்பத் திரும்ப நிற்கிறது என்றால், கேனிஸ்டரோ வென்ட் வழியோ அடைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். உங்களுக்கு அப்படி இல்லை என்றால், அதுவும் கேனிஸ்டருக்குச் சாதகமான சாட்சி. (அடைப்புக்குத் தூசிதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2011இல் மஸ்தா நிறுவனம் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், மஞ்சள் பைச் சிலந்தி இந்த வென்ட் குழாய்க்குள் கூடு கட்டியதுதான். அதற்குப் பெட்ரோல் வாடை பிடிக்குமாம்.)

வால்வு நன்றாக இருந்தால் புகைச் சோதனைக்குப் போங்கள். பணம் கொடுக்கும் முன்பே வென்ட்டை மூடித்தான் சோதிப்பீர்களா என்று கேளுங்கள். வீட்டில் சூடேற்றும் கம்பியும் கம்ப்ரஸரும் வைத்துப் புகை இயந்திரம் செய்யும் வீடியோக்களைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். இந்தச் சோதனைக்கு வேண்டிய அழுத்தம் அரை பிஎஸ்ஐ அளவுதான்; கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று, அழுத்தத்தை அளக்கும் உணரியையும் இணைப்புகளையும் உடைக்கும், அதைவிட மோசமாக டேங்குக்குள் எரியக்கூடிய கலவையை உண்டாக்கும். இதனால்தான் நல்ல பட்டறைகள் புகையைக் காற்றுக்குப் பதில் நைட்ரஜனில் செலுத்துகின்றன.

சரிசெய்த பிறகு குறியீட்டை அழித்துவிட்டு, டேங்கைப் பாதியளவில் வைத்துக்கொண்டு, இரவு முழுவதும் நிறுத்திக் காலையில் வழக்கம்போல ஓட்டுங்கள். விளக்கைப் பார்க்காமல் ஆயத்த நிலைப் பக்கத்தைப் பாருங்கள். என் காரில் ஏப்ரல் மாதம் ஒன்பதாவது நாள் காலை, அலுவலக வாகன நிறுத்தத்தில், 'முடியவில்லை' என்பது 'முடிந்தது' என்று மாறியிருந்தது, விளக்கு எரியவில்லை.