டல்லஹோமாவின் சேறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில், 1863 கோடையில் வடதரப்பு பெற்ற பெரிய வெற்றிகள் என்று கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க் இரண்டோடு டென்னசி மாநிலத்து டல்லஹோமாவையும் சேர்த்திருந்தீர்கள். அங்கே பெரிய சண்டையே நடக்கவில்லை. தென்தரப்புத் தளபதி பிராக் தன் படையோடு தப்பிவிட்டார். அதே படைதான் செப்டம்பரில் சிக்கமாகாவில் வடக்கத்திப் படையைப் புரட்டி எடுத்தது. எதிரியை ஊரைவிட்டு விரட்டியதெல்லாம் ஒரு வெற்றியா?

கே., கோவை

அன்புள்ள கே.,

நியாயமான கேள்விதான். ஏறக்குறைய இதையே அன்றைக்கு வாஷிங்டனிலும் கேட்டார்கள். கேட்கப்பட்டவர் வடதரப்புத் தளபதி ரோஸ்கிரான்ஸ். எவ்வளவு நொந்துபோனார் என்பது அவர் அனுப்பிய தந்தியிலேயே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டல்லஹோமாவுக்கு ஆறு மாதம் முன்பு, 1862இன் கடைசி நாளில், டென்னசியின் மர்ஃப்ரீஸ்பரோவுக்கு வெளியே ரோஸ்கிரான்ஸும் பிராக்கும் நேருக்கு நேர் மோதினார்கள். இரு தரப்பிலும் சேர்த்து இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் சுமார் 24,000 பேர். பலன்? பிராக் டக் ஆற்றுப் பக்கம் பின்வாங்கிப் புதிதாக அரண் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். அந்தக் களத்தைக் கண்ணால் பார்த்த ரோஸ்கிரான்ஸ் இன்னொரு தடவை அப்படி முட்டிக்கொள்ளத் தயாராக இல்லை. மேலிடம் நச்சரித்தும் ஆறு மாதம் நகராமல் உணவும் கோவேறு கழுதையும் சேர்த்தார்.

இரு படைகளுக்கும் நடுவில் ஒரு குன்றுத் தொடர். அதில் சில கணவாய்கள். நல்ல சாலை மேற்கே ஷெல்பிவில் பக்கம் போனது. படை அந்த வழியாகத்தான் வரும் என்று பிராக் காத்திருந்தார். ரோஸ்கிரான்ஸ் அங்கே குதிரைப்படையை அனுப்பி ஆரவாரம் செய்யவைத்துவிட்டு, முக்கியப் படையைக் கிழக்கே திருப்பினார். மான்செஸ்டர் வழியாகச் சுற்றிப்போய் பிராக்கின் முதுகுப்பக்கம் உள்ள ரயில் பாதையைத் தொட்டுவிட்டால், முன்னால் கட்டிய அரணெல்லாம் வீண்.

ஜூன் 24 காலை புறப்பட்டார்கள், மழையும் கூடவே புறப்பட்டது. ஹூவர் கணவாய்க்கு முதலில் போனது வடதரப்பு அதிகாரி வைல்டரின் படைப்பிரிவு. குதிரையில் போய், இறங்கி நின்று சண்டை போடும் காலாட்கள். கையில் ஸ்பென்சர் துப்பாக்கி, ஒரு தடவை நிரப்பினால் ஏழு குண்டு. எதிரில் இருந்தவர்களோ ஒவ்வொரு குண்டையும் குழல் வாய் வழியாக இடித்து நிரப்ப வேண்டும், நிமிடத்துக்கு இரண்டு மூன்று சுட்டாலே பெரிது. அரசு அந்தத் துப்பாக்கியை வாங்கித் தரவில்லை. வைல்டர் தன் சொந்தப் பொறுப்பில் கடன் ஏற்பாடு செய்ய, சிப்பாய்கள் சம்பளத்திலிருந்து கட்டுவதாக ஒப்புக்கொண்டு வாங்கியவை. காவலுக்கு நின்ற தென்தரப்புக் குதிரைக்காரர்கள் சுதாரிப்பதற்குள் வைல்டரின் ஆட்கள் கணவாயின் மறுமுனைக்கே போய்விட்டார்கள். பின்னால் வரவேண்டிய படை சில மைல் தள்ளி இருக்கிறது, எதிரி திரும்பித் தாக்குகிறான், 'பின்வாங்கு' என்று உத்தரவும் வருகிறது. வைல்டர் மறுத்துவிட்டார். சாயங்காலம் வந்து சேர்ந்த மேலதிகாரி தாமஸ், இந்தக் கணவாயைப் பிடிக்க மூன்று நாளாகும் என்று நினைத்திருந்ததாகச் சொல்லி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்புறம் எல்லாம் சேறுதான். ஒரு படைப்பிரிவுக்கு 21 மைல் நடக்க நான்கு நாள் ஆனது. 'டல்லா' என்றால் சேறு, 'ஹோமா' என்றால் இன்னும் சேறு என்று அந்த ஊர்ப்பெயருக்குச் சிப்பாய்கள் பொருள் சொன்னார்களாம். அந்தச் சேற்றிலேயே பிராக்கை டல்லஹோமாவிலிருந்து கிளப்பி, ஜூலை முதல் வாரத்துக்குள் டென்னசி ஆற்றுக்கு அப்பால் சட்டனூகாவுக்குத் தள்ளிவிட்டார்கள். இதில் வடதரப்பில் இறந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு.

அதே வாரம்தான் கெட்டிஸ்பர்க், அதே வாரம்தான் விக்ஸ்பர்க். போர்த்துறைச் செயலர் ஸ்டாண்டன், கெட்டிஸ்பர்க்கில் தென்தரப்புத் தளபதி லீயின் படை வீழ்ந்தது, விக்ஸ்பர்க்கில் நம் தளபதி கிராண்ட் வென்றார், இனி நீங்கள் வாய்ப்பை நழுவவிடப் போகிறீர்களா என்ற தோரணையில் ரோஸ்கிரான்ஸுக்குத் தந்தி அடித்தார். ரத்த எழுத்தில் எழுதப்படவில்லை என்பதற்காக இவ்வளவு பெரிய நிகழ்வைக் காணாமல் விட்டுவிடாதீர்கள் என்று ரோஸ்கிரான்ஸ் பதில் அனுப்பினார். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குத்தான் பரணி என்று இலக்கணம் வகுத்தவர்கள் நாம். நமக்கும் பிணக்கணக்கு இல்லாத வெற்றி கண்ணில் படுவதில்லை.

உங்கள் கேள்வியின் மறுபாதியை ஒப்புக்கொள்கிறேன். பிராக்கின் படை முழுசாகத் தப்பியது. மழை மட்டும் பெய்யாமல் இருந்தால் மடக்கியிருக்கலாம் என்பது ரோஸ்கிரான்ஸ் தரப்பு வாதம். நான் அதை ஓரளவு நம்புகிறேன். ஆனால் சிக்கமாகாவுக்கு மழையைக் காரணம் சொல்ல முடியாது. செப்டம்பர் 9இல் சட்டனூகாவும் பெரிய சண்டையில்லாமல் கைக்கு வந்ததும், எதிரி ஓடிக்கொண்டே இருப்பான் என்று நம்பி மலைகளுக்கிடையே படையைப் பிரித்துப் பரப்பிவிட்டார். ஓடியவன் திரும்பி நின்றான், வர்ஜீனியாவிலிருந்து ரயிலில் அவனுக்குத் துணைப்படையும் வந்தது. அந்தத் தவறு ரோஸ்கிரான்ஸுடையது, அதற்காக அக்டோபரில் பதவியும் போனது.

ஆனால் சிக்கமாகாவில் தோற்ற பிறகும் சட்டனூகா வடதரப்பின் கையைவிட்டுப் போகவில்லை. அடுத்த ஆண்டு வடதரப்புத் தளபதி ஷெர்மன் தெற்கே அட்லாண்டாவை நோக்கிக் கிளம்பியது அங்கிருந்துதான். டல்லஹோமாவில் ஒன்பது பத்து நாள் சேற்றில் நடந்து திறந்த வழி அது. ஆகவே கட்டுரையில் அந்த வரியை மாற்றப்போவதில்லை. சிக்கமாகா பற்றி ஒரு பத்தி சேர்க்கிறேன், அது இல்லாதது குறைதான்.

அன்புடன்