ஆயிரம் சொல் பட்டியலுக்குக் காசு கொடுக்காதீர்கள், தங்கச்சி

மயிலாடுதுறையில் தமிழ்வழியில் பத்தாவது முடித்த மகளோடு மலேசியாவுக்கு, எங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வாடகை, விசா, மகளின் ஆங்கிலச் சொல்வளம் என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். வீடு நேரில் பார்த்துப் பேச வேண்டியது. விசாவை உங்கள் வீட்டுக்காரரின் கம்பெனி பார்த்துக்கொள்ளும். மூன்றாவதைப் படித்ததும் எனக்கு 1996 ஞாபகம் வந்துவிட்டது.

கல்யாணமாகி இங்கே வந்து நாலு மாதம். பி.ஏ. ஆங்கில இலக்கியம், முதல் வகுப்பு. ஒரு தோட்டத்து (எஸ்டேட்) ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். படிப்பை முடித்த வருஷத்தைக் கேட்டார்கள். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 1994' என்றேன். எதிரே இருந்த அம்மா, "மயக்கமா? இப்போ உடம்பு பரவாயில்லையா?" என்றார். வீட்டுக்காரர் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றேன். எந்த ஸ்டேஷன் என்றார். வேலை கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதபடியே வீடு வந்தேன்.

எனக்குச் சொல் தெரியாமல் இல்லை. எந்தச் சொல்லை எங்கே, எதோடு சேர்த்துப் பேசுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், பட்டியல் விற்கிறவர்களிடம் மாட்டாதீர்கள். என் மகன் நான்காம் படிவம் படித்தபோது ஒரு டியூஷன் சென்டரில் 180 வெள்ளி (ரிங்கிட்) கட்டி வாங்கினோம். அகர வரிசையில் ஆயிரம் சொல், எதிரே ஒற்றை வரி மலாய் அர்த்தம். ராத்திரி பகலாக மனப்பாடம் செய்துவிட்டு, பாட்டி வீட்டில் 'பிளெதோரா ஆஃப் சிக்கன்ஸ்' (அளவுக்கு மிஞ்சிய கோழிகள்) இருந்ததாகக் கட்டுரை எழுதினான். டீச்சர் சிவப்பு மையில் சுழித்து, மேலே 'மெனி' என்று எழுதியிருந்தார். பிள்ளை முகம் வாடிப்போயிற்று. எனக்கு வயிறு எரிந்தது.

நாம் பூப் பறிப்போம், கீரை கிள்ளுவோம், நெல் அறுப்போம். யாரும் பட்டியல் போட்டுக் கற்றுத்தரவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்திலும் மழைக்கு 'ஹெவி'தான், 'ஸ்ட்ராங்' ஒட்டாது. குற்றத்தை 'டூ' பண்ணமாட்டார்கள், 'கமிட்' பண்ணுவார்கள்.

மகளுக்கு முதலில் வேண்டியது பாடப்புத்தகத்தில் திரும்பத் திரும்ப வரும் நடுத்தரச் சொற்கள். நியூசிலாந்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற அம்மையார் கல்விநூல்களை அலசி, 2000இல் 570 சொற்குடும்பங்களை, அதாவது ஒரே வேரிலிருந்து கிளைக்கும் சொற்கூட்டங்களைத் திரட்டினார். அனலைஸ், கன்சிஸ்டன்ட், ரெலவன்ட், சிக்னிஃபிகன்ட் எல்லாம் அதில் உண்டு. இதில் இந்த நாடு கொடுத்த ஒரு வசதி இருக்கிறது. மலாயில் அவையே அனாலிசிஸ், கொன்சிஸ்தென், ரெலவான், சிக்னிஃபிகான் என்று புழங்குகின்றன. மலாய் படிக்கப் படிக்க ஆங்கிலமும் கூடவே வரும். ஆனால் எழுத்தை நம்பி ஏமாறக்கூடாது: ஆங்கிலத்தில் காற்றுக்கு ('ஏர்') எழுதும் அதே மூன்றெழுத்து மலாயில் தண்ணீர், ரொட்டியில் தடவும் 'ஜாம்' என்பதன் எழுத்து இங்கே மணிக்கணக்கு.

ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒரு சொல். மேலே, அது கண்ணில் பட்ட வாக்கியம் அப்படியே. நடுவில் அதன் குடும்பம்: அனலைஸ், அனாலிசிஸ், அனலிட்டிகல். கீழே அதோடு சேர்ந்து வரும் சொற்கள், கடைசியில் அவளே எழுதிய ஒரு வரி. நாளைக்கு ஐந்து சொல் போதும். மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து நோட்டை மூடிவைத்துக் கேளுங்கள்.

கோலாலம்பூர் கொண்டோக்களில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சிலர், தோட்டத்துப் பிள்ளைகளோடு சேர்ந்தால் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்தப் பிள்ளைகள் கடையில் 'முடியும்' என்பதற்கு 'கேன் லா' என்பார்கள், மேடையேறினால் வேறு ஆங்கிலம் பேசுவார்கள். ஊரிலிருந்து வரும் நம் பிள்ளைகள் பலருக்கு அந்த மாற்றிப் பேசும் திறமை கிடையாது.

எனக்கு ஆங்கிலம் திருத்தித் தந்தவர் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற டிரஸ்ஸர் தாத்தா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருந்து கட்டியவர். சாயங்காலம் திண்ணையில் முதல்நாள் பேப்பரை விரித்து, "சத்தமா வாசிம்மா" என்பார். தப்பாகச் சொன்னால் திட்டமாட்டார்; அந்த வரியில் விரலை வைத்தபடி காத்திருப்பார். இரண்டு வருஷம் கழித்து வேறொரு தோட்டத்தில் எனக்குக் கிராணி வேலை கிடைத்தபோது, அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன். வந்து இறங்கியதும் மகளை அழைத்துக்கொண்டு பசியாற வீட்டுக்கு வாருங்கள். நோட்டின் முதல் பக்கத்தை அந்தப் பேனாவால் எழுதட்டும்.