கடைசிப் பனியுகம் முடிந்து பனி உருகிக்கொண்டிருந்த காலத்தில், ‘இளைய டிரையஸ்’ எனப்படும் குளிர்க்காலம் திடீரென்று வந்தது. பனி உருகினால் பூமி சூடாகத்தானே வேண்டும், எப்படிக் குளிர்ந்தது?

விடை கடலின் உப்பில் இருக்கிறது. வெப்பமண்டலத்திலிருந்து வடக்கே வரும் அட்லாண்டிக் நீரோட்டம், கிரீன்லாந்தை நெருங்கும்போது தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்கிறது. குளிர்ந்த உப்புநீர் கனமானது. அதனால் ஆழத்தில் அமிழ்கிறது. அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து மேலும் வெதுவெதுப்பான நீர் வருகிறது. இங்கே நன்னீரைக் கொட்டினால் மேற்பரப்பு நீர் இலேசாகிவிடும், எளிதில் அமிழாது. சுழற்சி தளர்ந்து, வடக்கே போகும் வெப்பமும் குறையும்.

சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் இதுதான் நடந்திருக்கும் என்பது பலரின் கருத்து. வட அமெரிக்காவின் லாரன்டைட் பனிப்படலம் உருகி, அதன் விளிம்பில் அகாசிஸ் என்ற மாபெரும் ஏரி தேங்கியிருந்தது. அது உடைத்துக்கொண்டு செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கு வழியே கடலில் பாய்ந்தது என்று 1989-இல் அமெரிக்கப் புவிவேதியியலாளர் வாலஸ் புரோக்கர் குழுவினர் எழுதினார்கள். பிற்கால ஆய்வுகளோ வடமேற்குக் கனடாவின் மெக்கன்சி ஆற்றின் வழியே ஆர்க்டிக்குக்குப் போன வெள்ளத்தின் தடயங்களைக் காட்டுகின்றன. எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது. (விண்கல் மோதியது என்போரும் உண்டு, அது இன்னும் பெரும் சர்ச்சை.)

இந்த இளைய டிரையஸ் குளிர்க்காலம் ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் நீடித்தது. ஐரோப்பாவில் காடுகள் பின்வாங்கின. அக்கால ஏரிச் சேற்றில் துருவப் பகுதிச் செடியான டிரையஸின் இலைகள் கிடைக்கின்றன. பிறகு கிரீன்லாந்து சில பத்தாண்டுகளுக்குள்ளேயே மளமளவென்று சூடேறியது.