பன்னிரண்டாம் இடத்தில் ஒரு ரன்னிங் பேக்

அன்புள்ள ஐயா,

நான் மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் நோவை நகரில் இருக்கிறேன். கார் உதிரிபாகங்கள் வடிவமைக்கும் வேலை. இங்கே வரும்வரை கிரிக்கெட் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. அலுவலகத்தில் எந்நேரமும் டெட்ராய்ட் அணியான லயன்ஸ் பேச்சுதான் என்பதால் 2021இலிருந்து நானும் அமெரிக்கக் கால்பந்து பார்க்க ஆரம்பித்தேன். அந்த வருடம் 17 ஆட்டத்தில் மூன்றில்தான் ஜெயித்தார்கள். ஆனாலும் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டேன்.

2023 டிராஃப்ட் அன்று, அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் நாளன்று, எங்கள் குழுவில் பெரிய சண்டை. முதல் சுற்றில் 12ஆவது இடத்தில் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற ஒரு ரன்னிங் பேக்கையும் 18ஆவது இடத்தில் தடுப்பாட்டத்தில் ஆடுகிற ஒரு லைன்பேக்கரையும் எடுத்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், சின்ன வயதிலிருந்தே லயன்ஸ் ரசிகர், "மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. நானும் அன்று அவர் பக்கம்தான். அப்புறம் அணி ஜெயிக்க ஆரம்பித்ததும் எல்லாரும் அவரைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னது தப்பா?

இன்னொரு கேள்வி. கடைசி இடத்துக்குப் போன அணிக்கு முதல் வாய்ப்பு என்பது நியாயம்தானா? இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பதாக நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

கே., மிச்சிகன்

*

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொன்னது தப்பில்லை. அணி பிறகு ஜெயித்தது உண்மைதான். அதனால் அவர் அன்றைக்குக் கேட்டது அசட்டுக் கேள்வி ஆகிவிடாது. அவருடைய கோபத்தில் பெரும்பகுதிக்கு நல்ல காரணம் இருந்தது. அவரோடு நான் வேறுபடும் இடம் ஒன்று உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமும் சேர்த்துச் சொல்கிறேன். ஐ.பி.எல். ஏலத்தில் கையில் பணம் இருந்தால் கூடுதல் விலை கேட்டு ஆளை எடுத்துவிடலாம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். நடத்தும் டிராஃப்டில் ஏலமே கிடையாது, வரிசைதான். கல்லூரி அணிகளிலிருந்து வருகிற இளைஞர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் முறை வைத்து எடுக்கின்றன. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை. தன் முறையை இன்னொரு அணியோடு மாற்றிக்கொள்ளலாம், வரப்போகிற வருடங்களின் முறையைக்கூட. 1936இல் முதல் டிராஃப்ட் நடந்தது. யோசனை சொன்னவர் அன்றைய பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல். வசதியான அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை வாரிக்கொண்டு போனால் மற்ற அணிகள் நொடித்துப் போகும், அதற்குப் பிறகு போட்டி என்று எதுவும் மிஞ்சாது என்பது அவர் வாதம். நான் அதை முழுதாக ஏற்கிறேன். அவருடைய அணியே அப்போது கடைசி இடத்தில் இருந்தது. வரலாற்றின் முதல் தேர்வாக அது எடுத்த ஜே பெர்வாங்கர் என்.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் முறை கிடைத்தும் ஈகிள்ஸுக்கு அதனால் பயன் இல்லாமல் போனது.

டெட்ராய்ட்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் நண்பர் "மறுபடி" என்றாரே, எதை நினைத்துச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். 2003இல் லயன்ஸ் இரண்டாம் இடத்தில் சார்லஸ் ராஜர்ஸ் என்ற ரிசீவரை, எறிகிற பந்தை ஓடிப் பிடிக்கிற ஆளை, எடுத்தது. அடுத்த இடத்தில் ஹூஸ்டன் எடுத்த ரிசீவர் ஆண்ட்ரே ஜான்சன். 2004இல் ஏழாம் இடத்தில் மறுபடியும் ஒரு ரிசீவர், ராய் வில்லியம்ஸ். 2005இல் பத்தாம் இடத்தில் மூன்றாவது முறையாக ஒரு ரிசீவர், மைக் வில்லியம்ஸ். பதினோராம் இடத்தில் டாலஸ் எடுத்தது டிமார்கஸ் வேரை. ஜான்சனும் வேரும் இன்று கௌரவ மண்டபத்தில் இருக்கிறார்கள். லயன்ஸ் 2008இல் 16 ஆட்டங்களிலும் தோற்றது. பதினாறு ஆட்டப் பருவத்தில் ஒன்றில்கூட ஜெயிக்காமல் முடித்த முதல் அணி அதுதான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற, கண்ணைப் பறிக்கிற ஆட்டக்காரர்களையே எடுத்துக்கொண்டிருந்தால், தடுக்க ஆளில்லாமல் அணி என்ன ஆகும் என்பதை அந்த ஊர் ஆறு வருடம் கூடவே இருந்து பார்த்திருக்கிறது. அப்படிப் பார்த்த ஒருவர் 2023இல் 12ஆம் இடத்தில் ரன்னிங் பேக் என்று கேட்டதும் வாயடைத்துப் போவது இயல்பு.

பழைய காயம் மட்டும் காரணமில்லை. கணக்கும் அவர் பக்கம்தான் இருந்தது. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புது ஆட்டக்காரரின் சம்பளம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. நான்கு வருட ஒப்பந்தம். முதல் சுற்று ஆள் என்றால் ஐந்தாவது வருடமும் வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. மொத்தச் சம்பளத்துக்கு எல்லா அணிகளுக்கும் ஒரே உச்சவரம்பு. ஆகவே வெளியே வாங்கப் போனால் விலை எகிறும் இடங்களில், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக், அவரைக் காக்கிற டேக்கிள், எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிற எட்ஜ், எதிரணி ரிசீவரை மறிக்கிற கார்னர்பேக் போன்ற இடங்களில், நல்ல இளைஞன் ஒருவன் கிடைத்தால் ஐந்து வருடத்துக்கு அணிக்குக் கோடிக்கணக்கில் மிச்சம். ரன்னிங் பேக்கில் அந்த அளவு மிச்சம் இல்லை. வெளியிலேயே மலிவாகக் கிடைப்பார்கள், சீக்கிரம் தேய்ந்தும் போவார்கள். லயன்ஸே அதற்கு உதாரணம். டிராஃப்டுக்கு முந்தைய மாதம்தான் சிகாகோவிலிருந்து டேவிட் மாண்ட்கமரியை மூன்று வருடத்துக்கு 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு எடுத்திருந்தார்கள். டிஆண்ட்ரே ஸ்விஃப்டும் அன்றைக்கு அணியில்தான் இருந்தார். 2022 முழுக்க அந்த அணியின் தடுப்பாட்டம் ஓட்டையாகக் கிடந்தது. லயன்ஸ் முதலில் கையில் வைத்திருந்த ஆறாம் இடத்தின் முறை வந்தபோது ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தடுப்பாட்டக்காரர் ஜேலன் கார்ட்டர் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தார். இந்த நிலையில் "இவனை எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்காத ரசிகருக்குத்தான் ஆட்டம் புரியவில்லை என்பேன்.

சரி, நான் வேறுபடும் இடம். உங்கள் நண்பர் 12 என்ற எண்ணைத் தனியாக எடுத்து விலை பேசினார். அந்த எண் எங்கிருந்து வந்தது, அதோடு கூட என்ன வந்தது என்று பார்க்கவில்லை.

2021 தொடக்கத்தில் லயன்ஸ் தன் குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஜாரெட் காஃப் வந்தார், கூடவே 2022, 2023 முதல் சுற்று முறைகளும் 2021இன் மூன்றாம் சுற்று முறை ஒன்றும். ஸ்டாஃபர்டோடு ராம்ஸ் முதல் வருடமே லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தது. அடுத்த வருடம் காயங்களால் சரிந்து 5-12 என்று, அதாவது 5 வெற்றி, 12 தோல்வியோடு முடித்தது. அந்தச் சரிவால் லயன்ஸ் கையில் இருந்த ராம்ஸின் 2023 முறை ஆறாம் இடமாக மாறியது. இதில் டெட்ராய்ட்டின் சாமர்த்தியம் எதுவும் இல்லை, சுத்தமான அதிர்ஷ்டம். சாமர்த்தியம் அதற்குப் பிறகுதான். பொது மேலாளர் பிராட் ஹோம்ஸ் அந்த ஆறாம் இடத்தையும் 81ஆம் இடத்தையும் அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 ஆகிய மூன்று இடங்களை வாங்கினார். 12இல் ஜாமியர் கிப்ஸ். 34இல் டைட் எண்ட், அதாவது எதிரணியைத் தடுப்பதோடு பந்தும் பிடிக்கிறவர், சாம் லபோர்ட்டா. லபோர்ட்டா முதல் வருடமே 86 பந்து பிடித்தார். ஒரு புது டைட் எண்ட் பிடித்ததில் அதுதான் அன்றைக்குச் சாதனை. கிப்ஸ் 2024இல் 20 டச்டவுன் அடித்தார், அதாவது 20 முறை பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனார். ஆக, ஆறாம் இடத்தில் ஒரு ஆள் எடுப்பதா, கிப்ஸும் லபோர்ட்டாவும் சேர்ந்து எடுப்பதா என்பதே அன்றைய கேள்வி. விவாதம் அப்படி நடந்திருந்தால் உங்கள் நண்பரும் கொஞ்சம் யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கீழே இறங்கி அதிக முறைகளைச் சேர்ப்பதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் இருவரும் பல வருட டிராஃப்டுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். தேலர் பின்னால் பொருளாதார நோபல் வாங்கியவர். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக வருவதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல்தான் என்று கண்டார்கள். கிட்டத்தட்ட காசு சுண்டுவதுதான். இவ்வளவு நிச்சயமில்லாத விஷயத்துக்கு அணிகள் மேல் இடங்களை மிக அதிக விலை கொடுத்து வாங்குகின்றன என்பது அவர்கள் முடிவு. ஹோம்ஸும் இதை வேதமாக வைத்திருக்கவில்லை. 2022இல் 32ஆம் இடத்திலிருந்து 12க்கு ஏறி, முழங்கால் தசைநார் கிழிந்து கிடந்த ஜேமிசன் வில்லியம்ஸை எடுத்தார். அதன் பலன் உருப்படியாகத் தெரிய 2024 ஆகிவிட்டது.

2023ஐத் தனியாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் அதற்கு முந்தைய இரண்டு வருடங்கள். 2021இல் லயன்ஸின் முறை ஏழாவது. காஃப் தற்காலிக ஏற்பாடு என்றே எல்லாரும் நினைத்த காலம். ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் இருக்கிறார், மாக் ஜோன்ஸ் இருக்கிறார், குவார்ட்டர்பேக் எடுங்கள் என்று பாதி ஊர் கேட்டது. ஹோம்ஸ் எடுத்தது ஒரு டேக்கிளை, பெனே சூவலை. அந்த வருடம் முதல் சுற்றில் போன ஐந்து குவார்ட்டர்பேக்குகளில் 2024 மே மாதத்தில் தன்னை எடுத்த அணியிலேயே இருந்தவர் ட்ரெவர் லாரன்ஸ் ஒருவர்தான். மற்ற நால்வரும் வேறு அணிகளுக்குக் கைமாறிவிட்டார்கள். சூவல் 2023இலும் 2024இலும் முதல்தர ஆல்-புரோ, அதாவது அந்தந்த வருடத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் இருந்தவர். 2022இல் லயன்ஸின் முறை இரண்டாவது. ஜாக்சன்வில் டிராவன் வாக்கரை எடுத்துவிட, மிச்சிகன் மண்ணிலேயே வளர்ந்த ஏடன் ஹட்சின்சன் டெட்ராய்ட்டுக்குக் கிடைத்தார். இங்கேயும் அதிர்ஷ்டம் உண்டு. முன்வரிசையில் தாக்க ஒருவன், தடுக்க ஒருவன், இரண்டுமே வெளியே வாங்கினால் மிக விலை கூடிய இடங்கள். அந்த இரண்டையும் நிரப்பிவிட்டுத்தான் மூன்றாம் வருடம் ரன்னிங் பேக்குக்கு வந்தார்கள். அந்த மூன்று ரிசீவர்களையும் எடுத்த பழைய மேலாளர் மாட் மில்லன் காலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இந்த வரிசையில் இருக்கிறது. அதே கிப்ஸை 2021இல் சூவலுக்குப் பதிலாக எடுத்திருந்தால் உங்கள் நண்பரின் கோபத்தில் நானும் சேர்ந்திருப்பேன்.

முதல் சுற்றைப் பற்றியே இவ்வளவு பேசுகிறோம், ஆனால் அந்த அணியின் முதுகெலும்பு பாதி பின்னால் கிடைத்தது. அமோன்-ரா செயின்ட் பிரவுன் நான்காம் சுற்றில், 112ஆவது ஆளாக வந்தவர். தனக்கு முன் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயரையும் எந்த அணி எடுத்தது என்பதையும் அவர் மனப்பாடமாக ஒப்பிப்பார். 2024இல் லீக்கிலேயே அதிகமாக ஒன்பது இன்டர்செப்ஷன் எடுத்த, அதாவது எதிரணி எறிந்த பந்தை ஒன்பது முறை பறித்த கெர்பி ஜோசஃப் 97ஆவது ஆள். டிராஃப்ட் இரவில் அதற்காக யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். தோற்ற தேர்வுகளும் அதே 2023இல் உண்டு. மூன்றாம் சுற்றில் எடுத்த குவார்ட்டர்பேக் ஹெண்டன் ஹூக்கர் டெட்ராய்ட்டுக்காக ஒரு ஆட்டத்தையும் தொடங்கவில்லை. அதே சுற்றில் மேலே ஏறி எடுத்த பிராட்ரிக் மார்ட்டினைக் களத்தில் பார்த்ததே அபூர்வம். கேலி செய்கிறவர்கள் இந்த இருவர் பெயரையும் சொல்வதில்லை.

கடைசியாக ஜேலன் கார்ட்டர். லயன்ஸ் கீழே இறங்கியதும் ஈகிள்ஸ் அவரை ஒன்பதாம் இடத்தில் எடுத்தது. 2025 பிப்ரவரியில் அவரோடு சூப்பர் பவுலை ஜெயித்தது. அதற்கு முந்தைய மாதம், 15-2 என்று பருவத்தை முடித்து, சொந்த மைதானத்தில் வாஷிங்டனை எதிர்கொண்ட லயன்ஸ் 45 புள்ளிகள் கொடுத்துத் தோற்றது. ஹட்சின்சன் அக்டோபரிலேயே கால் முறிந்து வெளியே, தடுப்பாட்டத்தில் பாதிப் பேர் காயத்தில். அன்றைக்கு நடுவில் கார்ட்டர் நின்றிருந்தால்? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கிப்ஸ், லபோர்ட்டா இருவரும் இல்லாமல் அந்த அணி அந்த ஆட்டம்வரை வந்திருக்குமா என்ற கேள்விக்கும் இல்லை.

ஆகவே உங்கள் நண்பரிடம் இப்படிச் சொல்லலாம். கிப்ஸ் விஷயத்தில் அவர் இறங்கிவரட்டும். 18ஆம் இடத்து லைன்பேக்கர் ஜாக் கேம்ப்பெல் நல்ல ஆட்டக்காரராகவே வளர்ந்துவிட்டார், ஆனால் அந்த இடத்துக்கு அந்த விலை சரிதானா என்று அவர் இன்னும் தாராளமாக வாதாடலாம். கார்ட்டரை விட்டுக்கொடுக்கவே வேண்டாம். அப்புறம், அவரைக் கேலி செய்கிறவர்களிடம் 2023 ஏப்ரல் இரவு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். உங்கள் குழுவின் பழைய செய்திகள் இன்னும் போனில் இருக்கும்.

அன்புடன்.