இடிக்கப்போகும் மார்க்கெட்டில் உங்கள் கடை

கேள்வி: எங்கள் ஊரில் தினசரி மார்க்கெட்டையும் பழைய பஸ் ஸ்டாண்டையும் இடித்துவிட்டு கடைகள், அலுவலகங்கள், மண்டபம் எல்லாம் சேர்ந்த வளாகம் கட்டப்போகிறார்களாம். நகர்மன்றத்தில் கவுன்சிலர்கள் இரண்டு அணியாக மோதுகிறார்கள். அடுத்த வாரம் கூட்டம். 18 வருடமாக மளிகைக் கடை நடத்துகிறேன். என் கடை என்னவாகும்?

பதில்: மன்றத்தில் யார் சத்தம் போட்டார்கள் என்பதை விடுங்கள். தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் உங்கள் பிழைப்பு. "தற்போதுள்ள கடைக்காரர்களுக்கு முன்னுரிமை அளிக்கப்படும்" என்ற வரியைப் பார்த்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த வரியை நம்பி சாவியைக் கொடுக்காதீர்கள். எந்தத் தளம், எத்தனை சதுர அடி, என்ன வாடகை, ஏலமா நேரடி ஒதுக்கீடா என்பது எழுத்தில் வர வேண்டும். உள்ளாட்சிக் கடைகள் பொதுவாக ஏலத்தில்தான் போகும். 18 வருடம் இருந்தவர் என்பதற்காக மட்டும் கடை திரும்பி வராது. மேல் மாடியில் மளிகைக் கடை ஓடாது என்பதையும் இப்போதே சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நகராட்சி கேட்புப் பதிவேட்டில் (எந்தக் கடைக்கு யார் எவ்வளவு வாடகை கட்ட வேண்டும் என்று எழுதிவைக்கும் பதிவேடு) உங்கள் கடை எண்ணுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது? மார்க்கெட்டுகளில் அப்பா பெயரிலேயே நிற்கும் கடைகளும் உள்வாடகைக் கடைகளும் ஏராளம். மாற்றுக்கடைப் பட்டியல் போடும்போது அலுவலகம் அந்தப் பெயரைத்தான் பார்க்கும், கல்லாவில் உட்கார்ந்திருப்பவரை அல்ல. நாளைக்கே போய்ப் பாருங்கள். வாடகை நிலுவை இருந்தால் கட்டி, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

தற்காலிகக் கடை எங்கே, எவ்வளவு காலத்துக்கு என்றும் கேளுங்கள். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டை 2019-இல் புனரமைப்புக்காக மூடினார்கள். புதியது திறந்தது 2021 டிசம்பரில். நடுவில் கொரோனாவும் வந்தது. வாடிக்கையாளர் வேறு கடைக்குப் பழகிப்போக அவ்வளவு காலமே தேவையில்லை.

வாசலில் பூவும் கீரையும் விற்கும் அம்மாக்களை உங்கள் சங்கம் மறந்துவிடக் கூடாது. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, 30 நாள் அறிவிப்பு தராமல் அவர்களை அப்புறப்படுத்த முடியாது. தெருவோர விற்பனை விவகாரங்களுக்காக அதே சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு தீர்மான நகலையும் திட்ட அறிக்கையையும் கேளுங்கள். ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. உங்கள் கூட்டமோ அடுத்த வாரம். அதனால் அஜெண்டா நகலை உங்கள் வார்டு கவுன்சிலரிடமே வாங்குங்கள். சங்கத்தின் கோரிக்கையை ஆணையர், தலைவர், இரண்டு அணிக் கவுன்சிலர்கள் எல்லோருக்கும் கொடுத்து, அலுவலக நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்மானத்தில் அந்த நிபந்தனைகளைச் சேர்க்க மறுத்தால், உங்களுக்காகப் பேசும் கவுன்சிலர் தன் எதிர்ப்பைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்ல வேண்டும். பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் முத்திரை விழுந்த அந்த நகலும் இந்தக் குறிப்பும் கையில் இருக்கட்டும்.